கூர்முனைக் காலணியின் கதையைச் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய வரலாற்றைத் தமிழில் கட்டுரைகளாகவும் காணொளிகளாகவும் துணுக்குகளாகவும் தருகின்ற எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், சிறுவர் இதழ் ஆசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இடைக்கால ஐரோப்பாவின் விநோதங்களை நீங்கள் எடுத்துச் சொல்லும்போது தவறாமல் இடம்பெறுகின்ற ஒரு பொருள், விரல் நுனியைத் தாண்டி நீண்டு கூம்பி நிற்கும் தோல் காலணி. பிரெஞ்சுக்காரர்கள் பூலென் என்றும் ஆங்கிலேயர்கள் கிராக்கோ என்றும் அழைத்த இக்காலணியின் கதை தமிழில் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் வருகிறது. போலந்தின் கிராக்கோ நகரில் பிறந்த இந்த மோகம், 1382-இல் பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசி ஆன் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டை மணந்தபோது அவருடைய பரிவாரத்தோடு கடல் கடந்து வந்தது. முனை இரண்டு அடி வரை நீண்டதால் அதை வெள்ளிச் சங்கிலியால் முழங்காலோடு கட்டிக்கொண்டுதான் நடக்க முடிந்தது. யார் எத்தனை அங்குலம் அணியலாம் என்று அரசர் தகுதிவாரியாகச் சட்டம் போட்டார். கடைசியில் போப்பாண்டவரே சாபமிட்டு அதை ஒழித்தார் என்று கதை முடிகிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், அந்தக் காலத்து மனிதர்கள் மடையர்கள் என்ற எண்ணத்தோடு அடுத்த விநோதத்துக்குப் போகிறார்கள்.

இக்கதையின் முக்கியமான பகுதிகள் எல்லாம் அந்தக் காலணியை வெறுத்தவர்களின் வாயிலிருந்து வந்தவை என்பதைச் சொல்லத்தான் இம்மடலை எழுதுகிறேன். மடத்துத் துறவிகள் வைதார்கள், பிற்காலத்து நகர வரலாற்றாசிரியர்கள் அந்த வசைகளைத் தொகுத்தார்கள், அதற்குப் பின் வந்தவர்கள் வசையை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். காலணியின் தோல் இன்றும் இருக்கிறது, அதை அணிந்தவர்களின் எலும்பும் இருக்கிறது, சட்டங்களின் வாசகமும் இருக்கிறது. இம்மூன்றையும் கேட்காமல் வைதவர்களை மட்டும் கேட்டு எழுதிய வழக்கு விவரம்தான் இப்போது நம் மொழியில் புழங்குகிறது.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரி மடத்தைச் சேர்ந்த பெயர் தெரியாத துறவி ஒருவர் 1360-களில் எழுதி முடித்த யூலோஜியம் என்ற வரலாற்றேடு, கிராக்கோ என்று பெயர் சொல்லியே இக்காலணியைத் திட்டுகிறது. மனிதர்களின் அணிகலன் என்பதைவிடப் பேய்களின் நகம் என்றே இதைக் கருத வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. பிரான்சில் மன்னர் ஐந்தாம் சார்லஸ் 1368-இல் பாரிஸ் நகரத்தில் இதற்குத் தடை விதித்தார். இரண்டுமே ஆன் இங்கிலாந்து மண்ணில் கால் வைப்பதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் முந்தியவை. அப்படியிருக்க, அந்த இளம் அரசியின் தலையில் இப்பழி எப்படி விழுந்தது? ஈவ்ஷாம் மடத்துத் துறவி ஒருவர் எழுதியதாக அறியப்படும் இரண்டாம் ரிச்சர்டின் வரலாறுதான் அதற்குக் காரணம். அரசியோடு பொஹீமியாவிலிருந்து அருவருக்கத்தக்க தீய வழக்கங்கள் வந்து சேர்ந்தன என்று அது குற்றம் சாட்டுகிறது. அயல்நாட்டுப் பெண் அரசியாக வரும்போது, பிடிக்காத எல்லாவற்றையும் அவருடைய மூட்டையில் வந்ததாகச் சொல்வது எல்லா அரசவைகளிலும் நடந்திருக்கிறது. அதை அப்படியே நம்பி நாமும் 1382 என்று எழுதுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

கிராக்கோவோடு இதற்குத் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு மொழிகளிலும் பெயர்கள் போலந்தைத்தான் சுட்டுகின்றன. ஆனால் நீண்ட முனை என்ற எண்ணம் அதற்கும் பழையது. இங்கிலாந்தில் பிறந்து நார்மண்டியின் செயிண்ட்-எவ்ரூல் மடத்தில் வாழ்ந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி, 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தம் திருச்சபை வரலாற்றை எழுதும்போது, ஒரு தலைமுறைக்கு முன் நடந்ததாக ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். பிரான்சின் ஆஞ்சூப் பகுதியை ஆண்ட நான்காம் ஃபுல்க் என்ற பிரபுவுக்குப் பாதங்கள் கோணலாக இருந்தன என்றும், பெருவிரல் மூட்டின் புடைப்பை மறைப்பதற்காக அவர் நீண்ட கூர்முனையுள்ள காலணிகளைச் செய்யச் சொன்னார் என்றும், அது மேற்குலகம் முழுவதும் பரவிவிட்டது என்றும் அவர் எழுதுகிறார். பிறகு இங்கிலாந்து மன்னர் வில்லியம் ரூஃபஸின் அவையில் ராபர்ட் என்ற ஒருவன் முனைக்குள் நார்க் கழிவைத் திணித்து ஆட்டுக்கடாவின் கொம்புபோல் வளைத்துவிட்டானாம். அதனால் அவனுக்குக் கொம்பன் என்று பொருள்படும் பட்டப்பெயரும் கிடைத்ததாம். ரூஃபஸ் ஆண்டது 1087 முதல் 1100 வரை. ஆகவே கிராக்கோவின் பெயர் அடிபடுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நீண்ட முனை அலை அடித்து ஓய்ந்திருக்கிறது. ஃபுல்க்கின் பாதத்தைப் பற்றிய செய்தி உண்மையோ வம்போ, அதை அறிய வழியில்லை. ஆர்டெரிக்குக்கு அவரைச் சிறிதும் பிடிக்காது என்பதை மட்டும் அந்தப் பக்கங்களைப் படிக்கும் எவரும் உணரலாம். அந்தப் பெருவிரலை மட்டும் நினைவில் வைத்திருங்கள், பின்னால் அது தேவைப்படும்.

அடுத்தது நீளம். இரண்டு அடி என்ற கணக்கை விரும்புகிறவர்கள் ஈவ்ஷாம் துறவியைத் துணைக்கு அழைக்கலாம், ஆனால் அவரே அரை கஜத்துக்கு மேல் என்றுதான் சொல்கிறார். அது ஒன்றரை அடி. அவரைக் காட்டிலும் கடுமையான வசைச்சொல்லைப் பயன்படுத்திய மால்ம்ஸ்பரித் துறவியோ முனையின் நீளம் ஒரு விரல் அளவு என்கிறார். பேய் நகம் என்று திட்டுமளவுக்குக் கோபம் கொண்டவரே ஒரு விரலுக்கு மேல் நீட்டிச் சொல்லவில்லை என்றால், அந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம். என் பார்வையில் இந்த ஒரே வாக்கியம் மற்ற எல்லா வருணனைகளையும்விட நம்பத்தகுந்தது.

நம்புவதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. லண்டனில் தேம்ஸ் கரையோரம் நிலத்தை மீட்பதற்காக 14-ஆம் நூற்றாண்டில் மரச்சட்டங்களை நட்டு, அவற்றின் பின்னால் நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். நீர் ஊறிய, காற்றுப் புகாத அந்தச் சேற்றில் தோல் அழுகாமல் தங்கிவிட்டது. பேனார்ட்ஸ் காசில் என்ற இடத்தில் 1970-களில் நடந்த அகழாய்வில் அந்நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த காலணிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அவற்றில் கூர்முனையுள்ளவை பல, முனைக்குள் திணித்த பாசி இன்னும் இருக்கும் நிலையில் கிடைத்தவையும் உண்டு. மிக நீண்ட முனைகளே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான், அதாவது நான்கு அங்குலம். பெரும்பாலானவை அதற்கும் குறைவு. அரண்மனைக்கு உள்ளே அணிந்தவை இதைவிட நீண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான், பர்கண்டி அரசவையின் ஓவியச் சுவடிகளில் அப்படிப்பட்ட முனைகளைப் பார்க்கவும் முடிகிறது. ஆனால் தெருவில் நடந்த கால்களுக்கும் ஏட்டில் வரைந்த கால்களுக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லாமல், ஓவியனின் தூரிகை எட்டிய தூரத்தை லண்டன் மாநகரத்தின் அளவாகச் சொல்வது முறையாகாது.

இந்தக் காலணியை எப்படிச் செய்தார்கள் என்பதை உங்களில் ஒருவரும் சொல்லாதது எனக்கு வியப்பளிக்கிறது, ஏனென்றால் கதையிலேயே சுவையான பகுதி அதுதான். மேல்தோலையும் அடித்தோலையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி கட்டையின்மேல் வைத்துத் தைத்து, பிறகு தோலை நனைத்து, முழுக் காலணியையும் உள்ளிருந்து வெளியாகப் புரட்டி எடுப்பார்கள். தையல் உள்ளே மறைந்துவிடும், நீர் எளிதில் புகாது. கைவிரல் நுழையாத ஒடுங்கிய முனையை இப்படிப் புரட்டி எடுப்பதற்கு எவ்வளவு கைத்திறன் வேண்டும் என்று தோல் தைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். புரட்ட வேண்டியிருப்பதால் அடித்தோலும் தடிப்பாக இருக்க முடியாது. கல்பாவிய தெருவிலும் சேற்றிலும் அது சீக்கிரம் தேயும். எனவே வெளியே போகும்போது காலணிக்கு அடியில் மரப் பாதுகையை வாரால் கட்டிக்கொண்டார்கள். யான் வான் ஐக் 1434-இல் தீட்டிய ஆர்னோல்ஃபினி ஓவியத்தின் இடது ஓரத்தில் கழற்றிப் போட்டிருக்கும் மரப் பாதுகைகளின் முன்பகுதி நீண்டு கூம்பியிருப்பதைப் பாருங்கள். முனையைத் தாங்குவதற்கு அப்படியொரு நடைமுறை வழி இருந்தது.

அப்படியானால் சங்கிலி? அகழாய்வில் கிடைத்த இத்தனை காலணிகளில் முனையில் சங்கிலியோ கயிறோ கட்டிய சான்று கிடைக்கவில்லை. எழுத்துச் சான்றில் மூலமாக நிற்பது மேலே சொன்ன ஈவ்ஷாம் துறவிதான். அவர் வெள்ளிச் சங்கிலியால் கணுக்காலுக்கு மேலுள்ள கீழ்க்காலில் கட்டினார்கள் என்கிறார். இருநூறு ஆண்டுகள் கழித்து 1598-இல் லண்டன் நகரத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட ஜான் ஸ்டோ அதே செய்தியைச் சொல்லும்போது, சங்கிலி முழங்காலுக்கு ஏறிவிட்டது. வெள்ளியோடு பொன்முலாமும் பட்டு நாடாவும் சேர்ந்துகொண்டன. கீழ்க்காலில் தொடங்கிய சங்கிலி இருநூறு ஆண்டுகளில் முழங்காலை எட்டியது என்றால், கதைக்குக் கால் முளைக்கும் என்று நம்மவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. எங்கோ ஓர் அவையில் எவரோ ஒருவர் கட்டியிருக்க மாட்டார் என்று நான் சாதிக்கவில்லை. பொதுவழக்கமாக எழுதாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

சட்டத்துக்கு வருகிறேன். சாதாரணக் குடிமகனுக்கு 6 அங்குலம், கனவானுக்கு 12, பிரபுவுக்கு 24 என்று மூன்றாம் எட்வர்டு மன்னர் வகுத்ததாக ஒரு பட்டியல் பல வடிவங்களில் உலவுகிறது. அவருடைய காலத்து ஆடைச் சட்டம் 1363-ஐச் சேர்ந்தது. துணியின் விலை, மென்மயிர்த் தோல், பட்டு, பொன், வெள்ளி, மணிக்கல் ஆகியவற்றைத் தகுதிவாரியாக அது பிரித்துக்காட்டுகிறது. உழவனுக்கும் இடையனுக்கும் முரட்டுக் கம்பளித் துணி போதும் என்கிறது. காலணி முனையின் அங்குலக் கணக்கு அதில் இல்லை. அந்தச் சட்டமே அடுத்துக் கூடிய நாடாளுமன்றத்தில் நீக்கப்பட்டுவிட்டது. இந்தப் பட்டியலை இனி விட்டுவிடலாம்.

உண்மையான சட்டம் நூறு ஆண்டு கழித்து வருகிறது. நான்காம் எட்வர்டு காலத்தில், 1463-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில், லார்டு என்ற உயர்பிரபுத் தகுதிக்குக் கீழ்ப்பட்ட நைட்டோ (பட்டம் பெற்ற வீரர்) எஸ்குயரோ (நைட்டுக்கு அடுத்த தகுதியினர்) கனவானோ வேறெவரோ இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட முனையுள்ள காலணியோ பூட்ஸோ அணியக்கூடாது என்றும், மீறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்னி (ஒரு ஷில்லிங் 12 பென்னி) தண்டம் என்றும் விதித்தார்கள். அங்குலக் கணக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் லார்டுகளைக் கட்டுப்படுத்தாது. முனை ஆபத்தானது, அநாகரிகமானது என்று சட்டம் இயற்றியவர்கள் உண்மையிலேயே கருதியிருந்தால் தங்கள் கால்களையும் அதில் சேர்த்திருப்பார்கள். தங்களைப் போல மற்றவர்கள் தோற்றமளிப்பதுதான் அவர்களை உறுத்தியது.

அந்த உறுத்தலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1348-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனபின், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூலி உயர்ந்தது. 1351-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூலியைக் கட்டுப்படுத்தியதோடு நில்லாமல், காலணி செய்வோர் கொள்ளைநோய்க்கு முந்திய விலைக்கே பூட்ஸையும் காலணியையும் விற்க வேண்டும் என்று பெயர் சொல்லியே ஆணையிட்டது. விலை ஏறியிருக்கிறது, வாங்குவதற்கும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் உட்பொருள். இதே காலத்தில் ஆண்களின் மேலாடை குறுகி இடுப்பளவுக்கு வந்தது. இறுகப் பிடித்த காலுறை தொடைவரை முழுவதும் வெளியே தெரிந்தது. பார்வை இயல்பாகவே பாதத்துக்கு இறங்கியது. பெண்களின் பாவாடை தரையைத் தொட்டதால் அவர்களுடைய முனைகள் அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. துறவிகளின் வசை பெரும்பாலும் ஆண்களையே குறிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இந்த மாற்றங்களைச் சொல்லாமல் முனையை மட்டும் தனியாகக் காட்டும்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிவதில் வியப்பில்லை.

போப்பாண்டவரின் சாபம் உங்கள் கதைகளின் உச்சக்கட்டம். அது நடந்தது உண்மைதான், ஆனால் நீங்கள் சொல்லும் முடிவு நடக்கவில்லை. 1465-இல் லண்டனிலும் சுற்றி மூன்று மைல் தொலைவிலும் எந்தக் காலணித் தொழிலாளியும் இரண்டு அங்குலத்துக்கு மேல் முனை வைத்துச் செய்யக்கூடாது, மீறினால் 20 ஷில்லிங் தண்டம் என்று இன்னொரு சட்டம் வந்தது. அணிந்தவனுக்கு விதித்ததைப்போல ஆறு மடங்கு தண்டம் செய்தவனுக்கு! கிரெகரியின் வரலாற்றேடு என்று அழைக்கப்படும் லண்டன் ஏடு, அப்பத்தாண்டின் இறுதியில் நடந்தவற்றைச் சொல்லும்போது, இரண்டு அங்குலத்தைத் தாண்டிய முனை செய்வோரைச் சபித்துப் போப்பாண்டவரிடமிருந்து ஆணை வந்தது என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலணி விற்பதையும் ஒருவரின் காலில் மாட்டிவிடுவதையும் அது தடுத்தது என்றும், புனித பவுல் பேராலயத்துச் சிலுவை மேடையில் அது பறைசாற்றப்பட்டது என்றும் பதிவு செய்கிறது. கேட்ட சிலர் என்ன சொன்னார்களாம் தெரியுமா? போப்பாண்டவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாங்கள் நீண்ட முனைதான் அணிவோம், அவருடைய சாபத்தால் ஓர் ஈகூடச் சாகாது என்றார்களாம். கடவுள் இதைத் திருத்தட்டும் என்று ஏட்டை எழுதியவர் பெருமூச்சு விடுகிறார்.

அதற்கு அடுத்த வரியை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், ஏனென்றால் அது விஷயத்தையே வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. சில நாட்களிலேயே காலணி செய்வோரில் சிலர் நீண்ட முனை செய்வதற்கு அரச முத்திரையும் பாதுகாப்பும் பெற்றுக்கொண்டார்கள் என்றும், நீண்ட முனையை ஒழிப்பதற்காகப் போப்பாண்டவரிடம் முறையிட்டு உழைத்த தங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களையே தொல்லைக்கும் பெரும் ஆபத்துக்கும் ஆளாக்கினார்கள் என்றும் அது சொல்கிறது. ஆகவே ரோமாபுரிவரை போய்த் தடை கேட்டவர்களும் காலணி செய்வோரே, அரசரிடம் போய் விலக்கு வாங்கியவர்களும் காலணி செய்வோரே. ஆறாம் ஹென்றி மன்னரிடமிருந்து 1439-இல் சாசனம் பெற்று வலுவடைந்திருந்த லண்டன் காலணி செய்வோர் சங்கத்துக்குள் இரண்டு அணிகள் மோதியிருக்கின்றன. புதுப்பாணியில் தேர்ந்த கடைக்காரர்களுக்கும் பழைய வழியில் செய்தவர்களுக்கும் இடையே வாடிக்கையாளர்களுக்கான போட்டியாக அது இருந்திருக்குமா, ஞாயிறு விற்பனைதான் உண்மையான பூசலா, சங்கத் தலைமைக்கும் சிறு கடைகளுக்கும் இடையிலான தகராறா என்பதை ஏடு சொல்லவில்லை. எப்படியிருந்தாலும், திருச்சபை ஒரு பக்கம் மக்கள் மறுபக்கம் என்ற எளிய நாடகத்தைக் காட்டிலும் இது உயிருள்ள வரலாறு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலையில் இருந்த கைத்தொழிலாளர்களின் கதையை உங்களில் யாராவது ஒருவர் எழுதினால் முதல் வாசகனாக நான் இருப்பேன்.

செம்பாக் போரைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். 1386-இல் சுவிஸ் படைக்கு எதிராகக் குதிரையிலிருந்து இறங்கிப் போரிட்ட ஆஸ்திரிய நைட்டுகள் தங்கள் நீண்ட முனைகளை வெட்டி எறிந்தார்கள் என்ற செய்தி பிற்காலத்து வரலாற்றேடுகளில் வருகிறது. பாதக்கவசத்துக்கும் கூர்முனை இருந்தது, குதிரைமேல் அது இடையூறாக இராது, தரையில் நிற்கும்போது இடையூறாக இருந்திருக்கும். நடந்திருக்கக்கூடியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இப்போது எலும்புக்கு வருவோம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நான்கு இடுகாடுகளில் கிடைத்த 177 பேரின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2021-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து, அதன் அடிமூட்டு புடைத்து நிற்கும் நோய்க்கு மருத்துவத்தில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று பெயர். 11 முதல் 13 வரையான நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்களில் 6 விழுக்காட்டினரிடமே இதன் தடயம் இருந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டினரில் அது 27 விழுக்காடாக ஏறியிருந்தது. இந்த 27 என்ற எண்ணை இப்போது தமிழிலும் சிலர் சொல்லத் தொடங்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அதோடு நிறுத்திவிடும்போது ஆய்வின் உயிர்நாடி விட்டுப்போகிறது. நகருக்கு வெளியே சிற்றூர் இடுகாட்டில் 3 விழுக்காடு, நகரத்து ஏழை எளியோர் புதைந்த பங்குக் கல்லறைத் தோட்டத்தில் 10, அறநிலைய மருத்துவமனை இடுகாட்டில் 23, அகஸ்டீனியத் துறவியர் மடத்தின் இடுகாட்டில் 43. வசதி ஏற ஏறப் பெருவிரல் கோணியிருக்கிறது. காலணி தனியாகப் பேசுவதைவிட இந்த நான்கு எண்கள் சேர்ந்து அதிகம் பேசுகின்றன.

மடத்து இடுகாட்டில் செல்வந்தப் புரவலர்களும் புதைக்கப்பட்டார்கள் என்பதால், அந்த 43 முழுவதும் துறவிகளுடையது அல்ல. ஆயினும் இடைவாரின் கொக்கியைக் கொண்டு துறவிகள் என்று அடையாளம் கண்ட 11 பேரில் 5 பேருக்குப் பெருவிரல் கோணியிருந்தது. திருச்சபையின் உயர்மட்டக் கூட்டமான நான்காம் லாட்டரன் பேரவை 1215-லேயே குருமார்கள் கூர்முனைக் காலணி அணியக்கூடாது என்று விதித்திருந்தது என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். மேடையில் நின்று பேய் நகம் என்று வைத வர்க்கத்தினரின் கால்களிலேயே அந்தத் தடயம் இருக்கிறது. வைதவர்களை மட்டும் சாட்சியாகக் கொள்ளாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஃபுல்க் பிரபு பெருவிரல் புடைப்பை மறைக்க இக்காலணியைக் கண்டுபிடித்தார் என்று ஆர்டெரிக் எழுதினார். எலும்புகளோ காரணத்தையும் விளைவையும் தலைகீழாகத் திருப்பிவைக்கின்றன.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நீளமான முனை விரலைக் கோணலாக்குவதில்லை, ஏனென்றால் முனை விரலைத் தாண்டிய வெற்றிடம், அதில் பாசிதான் இருந்தது. முன்பாதத்தை நெருக்கும் ஒடுக்கம்தான் கோணலாக்குகிறது. நீண்ட முனை வேறு விதத்தில் தீங்கு செய்திருக்கலாம்: பெருவிரல் கோணியவர்களிடம், சிறப்பாக 45 வயதைக் கடந்தவர்களிடம், கீழே விழுந்து ஏற்பட்ட எலும்பு முறிவுகள் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் அது பெருவிரல் தாங்குதிறன் இழந்ததால் வந்த தடுமாற்றமா, முனை இடறியதா என்பதை எலும்பைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஊரின் 177 பேரை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதற்கும் விழுக்காடு கூறுவதும் கூடாது.

மோகம் எப்படி ஓய்ந்தது என்பதையும் திருத்திச் சொல்ல வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உச்சத்தில் இருந்த முனை, 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடங்கி, நடுப்பகுதியில் மீண்டும் தலைதூக்கியது. 1463-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரண்டாம் அலையைத்தான் பிடிக்க முயன்றது. சட்டத்துக்கும் சாபத்துக்கும் பின்னும் பல ஆண்டுகள் அது நீடித்து, 1480-களிலும் 1490-களிலும்தான் அகன்ற, சப்பையான முன்பகுதிகொண்ட காலணிகளுக்கு வழிவிட்டது. ஜெர்மானியர்கள் அந்தப் புதுக் காலணியை மாட்டு வாய் என்று அழைத்தார்கள். பிரான்சு மன்னர் எட்டாம் சார்லஸுக்கு ஒரு காலில் ஆறு விரல்கள் இருந்ததால்தான் அகன்ற காலணி வந்தது என்றும் ஒரு கதை உண்டு. நீண்ட முனைக்கு ஒரு பிரபுவின் கோணல் விரல், அகன்ற முனைக்கு ஓர் அரசரின் ஆறாவது விரல்! தயவுசெய்து அந்தக் கதையை அடுத்த துணுக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. ஆன் அரசியை இந்த மோகத்தின் இறக்குமதிக்காரராகக் காட்டுவதை நிறுத்துங்கள். சங்கிலியைச் சொல்லியே ஆக வேண்டுமானால், ஒரு துறவி அப்படி எழுதினார் என்று அவர் பெயரிலேயே சொல்லுங்கள். மூன்றாம் எட்வர்டின் அங்குலப் பட்டியலைக் கைவிட்டு 1463-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தைத் தாருங்கள். படம் போடும்போது கேலிக்காகப் பிற்காலத்தில் வரைந்தவற்றைத் தவிர்த்து, தேம்ஸ் சேற்றிலிருந்து எடுத்த காலணிகளின் படங்களைப் போடுங்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வைக் குறிப்பிட்டால் நான்கு இடுகாடுகளின் எண்களையும் சேர்த்தே குறிப்பிடுங்கள். சிறுவர் இதழ்களுக்கு எழுதுவோர், புரட்டித் தைக்கும் முறையை நான்கு கட்டங்களில் வரைந்து காட்டினால் பிள்ளைகள் அதைச் சங்கிலியைவிட விரும்பிப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் எழுத்துகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஒருவன்